சாலையும் சாட்சியும்: பாவுலோ மலூஃபின் அரை நூற்றாண்டு

பிரேசில் அரசியலைப் பற்றித் தமிழில் வரும் எழுத்துகள் பெரும்பாலும் லூலா, போல்சனாரோ என்ற இரண்டு பெயர்களுக்குள் அடங்கிவிடுகின்றன. இருவரும் நாட்டின் அதிபர்களாக இருந்தவர்கள், இருவரும் நீதிமன்றப் படியேறியவர்கள் என்பதால் அதில் வியப்பில்லை. ஆனால் அந்த நாட்டில் அதிகாரமும் சட்டமும் எப்படி உரசிக்கொள்கின்றன என்று அறிய விரும்புபவர்களுக்கு, அதிபர் நாற்காலியை ஒருபோதும் எட்டாத ஒருவரின் வாழ்க்கையையே நான் முதலில் சொல்வேன். அவர் பாவுலோ சலீம் மலூஃப். இராணுவ ஆட்சியில் நியமன மேயர், பின்னர் மாநில ஆளுநர், மக்களாட்சி திரும்பிய பின் மீண்டும் மேயர், மூன்று முறை தொடர்ந்து நாடாளுமன்ற உறுப்பினர், இடையே இன்டர்போலின் தேடப்படுவோர் பட்டியலில் ஒரு புகைப்படம், எண்பத்தாறாம் வயதில் சிறைக் கைதி என அவருடைய பொதுவாழ்வு அரை நூற்றாண்டுக்கு நீண்டது. அவர் போட்ட சாலைகளே அவருக்கு வாக்கு வாங்கித் தந்தன. அவற்றில் ஒன்று இறுதியில் அவருக்கு எதிரான சாட்சியாகவும் நின்றது.

1931ஆம் ஆண்டு செப்டம்பரில் சாவோ பாவுலோ நகரில், லெபனானிலிருந்து குடியேறியவர்களின் வழித்தோன்றலாக மலூஃப் பிறந்தார். குடும்பத்துக்கு மரத்தொழிலில் வேர் இருந்தது. யூக்கலிப்டஸ் மரநாரிலிருந்து பலகை செய்யும் யூகாடெக்ஸ் நிறுவனம் அவர்களுடையது. அந்தப் பெயர் இந்தக் கதையின் கடைசிப் பகுதியில் மீண்டும் வரும். சாவோ பாவுலோ பல்கலைக்கழகத்தின் பொறியியல் பள்ளியில் கட்டடப் பொறியாளராகப் பட்டம் பெற்றவர் அரசியலுக்கு வந்த வழி தேர்தல் மேடை அல்ல. 1964இல் ஆட்சியைக் கைப்பற்றிய இராணுவத் தளபதிகளுள் இரண்டாவதாக அதிபரான கோஸ்டா இ சில்வாவுடன் அவருக்கு நெருக்கம் இருந்தது. அந்த நெருக்கத்தின் பலனாக 1967இல் கூட்டாட்சி அரசின் சேமிப்பு வங்கியினுடைய சாவோ பாவுலோ கிளைக்குத் தலைவரானார். 1969இல் நாட்டின் மிகப்பெரிய நகரத்துக்கு மேயராக நியமிக்கப்பட்டபோது அவருக்கு வயது 37. ஒருவரும் அவருக்கு வாக்களிக்கவில்லை; வாக்களிக்கும் வாய்ப்பும் அப்போது யாருக்கும் இல்லை.

அந்த இரண்டு ஆண்டுகளிலேயே பின்னாளைய மலூஃப் முழுமையாக உருவாகிவிட்டார் என்பது என் எண்ணம். நகர மையத்தின் ஊடாகச் சுமார் மூன்றரை கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மேம்பாலச் சாலையை எழுப்பி, 1971 ஜனவரியில் திறந்து வைத்தார். தன்னை நியமித்த அதிபரின் பெயரையே அதற்குச் சூட்டினார். மக்கள் மிஞோக்காவ், அதாவது பெரிய மண்புழு, என்று அழைத்தார்கள். அடுக்குமாடிக் குடியிருப்புகளின் இரண்டாம் மூன்றாம் மாடி ஜன்னல்களுக்குச் சில மீட்டர் தூரத்தில் வாகனங்கள் இரைந்து ஓடின. சாலையோர வீடுகளின் மதிப்பு சரிந்தது. கீழே இருந்த தெருக்கள் வெயில் காணாத நிழலுக்குள் போயின. 1976இலேயே இரவு நேரத்தில் அதை மூட வேண்டியிருந்தது. இன்று இரவுகளிலும் வார இறுதி நாள்களிலும் வாகனங்கள் இன்றி, நடப்பவர்களும் மிதிவண்டிக்காரர்களும் உலவும் இடமாக அது மாறியிருக்கிறது. 2016இல் நகர மன்றம் அதன் பெயரையும் மாற்றி, இராணுவம் கவிழ்த்த அதிபர் ஜோவாவ் கூலார்ட்டின் பெயரை வைத்தது. நகரம் தன் சாலை ஒன்றைக் கொண்டே தன் வரலாற்றோடு கணக்குத் தீர்த்துக்கொண்டது எனக்குப் பிடித்திருக்கிறது.

அதே காலத்தில் 1970 உலகக் கோப்பையை வென்று திரும்பிய கால்பந்து அணியினருக்கு, நகராட்சிப் பணத்தில் ஆளுக்கொரு வோக்ஸ்வாகன் ஃபுஸ்கா காரைப் பரிசளித்தார். மூன்றாம் முறையாகக் கோப்பை வென்ற வீரர்களுக்குப் பரிசு தருவதை எதிர்ப்பவன் எந்த ஊரிலும் ஓட்டு வாங்க முடியாது. ஆனால் பொதுப்பணத்தை அப்படிக் கொடுக்கலாமா என்று ஒரு வழக்கு எழுந்தது. அது பல பத்தாண்டுகள் நீதிமன்றங்களில் ஏறி இறங்கி, ஒரு கட்டத்தில் அவருக்கு எதிராகவும் இறுதியில் அவருக்குச் சாதகமாகவும் முடிந்தது. செலவு கண்ணுக்குத் தெரியும், கைத்தட்டல் உடனே கிடைக்கும், கேள்வி மட்டும் மிகத் தாமதமாக வரும் என்ற பாடத்தை அவர் அங்கேயே கற்றிருக்க வேண்டும்.

அந்த மேயர் காலத்தின் இன்னொரு கட்டுமானத்தைப் பற்றி அவருடைய ஆதரவாளர்கள் பேசுவதில்லை. நகரின் வடமேற்கு விளிம்பில் உள்ள பெருஸ் என்ற பகுதியில் 1971இல் ஒரு பொது இடுகாடு திறக்கப்பட்டது. 1990 செப்டம்பரில், அப்போது மேயராக இருந்த லுயிசா எருந்தினாவின் நிர்வாகம் அங்கே இரகசியப் புதைகுழி ஒன்றைத் தோண்டி, 1,049 பைகளில் அடைக்கப்பட்டிருந்த எலும்புகளை வெளியே எடுத்தது. அடையாளமற்ற ஏழைகளோடு சேர்த்து, இராணுவ ஆட்சியின் சித்திரவதைக் கூடங்களில் உயிரிழந்த அரசியல் எதிரிகளும் அங்கே புதைக்கப்பட்டிருந்தார்கள். உடல்களை மறைத்ததில் அன்றைய அதிகாரிகளின் பொறுப்பை நிலைநாட்டக் கோரி, 2009இல் கூட்டாட்சி அரசு வழக்கறிஞர்கள் தொடுத்த உரிமையியல் வழக்கில் மலூஃபின் பெயரும் இருந்தது. அவருடைய ஊழல் வழக்குகளைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்களோடு ஒப்பிட்டால் இதைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு. இந்த ஏற்றத்தாழ்வு நியாயமானதல்ல என்றே நான் கருதுகிறேன்.

மாநிலப் போக்குவரத்துச் செயலராகச் சில ஆண்டுகள் இருந்த பிறகு, 1978இல் அவர் செய்த ஒரு காரியம் தளபதிகளையே திடுக்கிட வைத்தது. பிரேசிலில் மாநில ஆளுநர் என்பவர் நம் ஊர் ஆளுநரைப் போன்றவர் அல்லர். மாநில ஆட்சியை நடத்துபவரே அவர்தான். அன்று ஆளுநரை மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. ஆளும் அரேனா கட்சி மாநாட்டில் யார் தேர்வாகிறாரோ அவரே ஆளுநர். அதிபர் மாளிகை முன்னாள் ஆளுநர் லாவுதோ நாடெலைத் தேர்ந்து வைத்திருந்தது. மலூஃபோ மாநிலம் முழுதும் சுற்றி, ஒவ்வொரு பிரதிநிதியையும் தனித்தனியே சந்தித்து, மாநாட்டில் சொற்ப வித்தியாசத்தில் வென்றுவிட்டார். சர்வாதிகாரம் தானே வகுத்த சிறிய தேர்தல் விளையாட்டில், தன் கையாலேயே வளர்த்த ஒருவரிடம் தோற்றது. 1979 முதல் 1982 வரை நீடித்த அந்த ஆளுநர் பதவிக்காலத்தில் நெடுஞ்சாலைகளும் டியெட்டே ஆற்றங்கரையில் மிகப்பெரிய பேருந்து நிலையமும் எழுந்தன. பாவுலிபெட்ரோ என்ற கூட்டமைப்பு மாநிலத்தின் உட்பகுதிகளில் எண்ணெய் தேடிக் கிணறு கிணறாகத் துளைத்தது. வணிக அளவில் எண்ணெய் எதுவும் கிடைக்கவில்லை. அந்தச் செலவைத் திருப்பிச் செலுத்தக் கோரும் வழக்கு மட்டும் கிடைத்தது.

1982இல் நாடாளுமன்றத்துக்கு 6.7 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளோடு தேர்வானபோது அவருடைய கண் அதிபர் மாளிகையின் மீது இருந்தது. 1984இல் நேரடித் தேர்தல் கேட்டு நாடு முழுவதும் இலட்சக்கணக்கானோர் வீதிக்கு வந்தார்கள். அதற்கான அரசமைப்புத் திருத்தம் ஏப்ரல் 25 அன்று 22 வாக்குகள் குறைந்ததால் தோற்றது. எனவே அதிபரை மக்கள் அல்ல, நாடாளுமன்ற உறுப்பினர்களும் மாநிலப் பிரதிநிதிகளும் அடங்கிய தேர்வுக் குழுவே தீர்மானிக்கும் என்றாயிற்று. அந்தக் குழுவில் ஆளும் கட்சிக்கே பெரும்பான்மை. தன் பழைய உத்தியை மலூஃப் மீண்டும் கையாண்டு, ஆகஸ்டில் நடந்த கட்சி மாநாட்டில் அமைச்சர் மாரியோ அந்த்ரியாசாவை வீழ்த்தி வேட்பாளரானார். அந்த வெற்றியே அவருடைய தோல்விக்கு விதையாயிற்று. அவரை ஏற்க முடியாத சொந்தக் கட்சிக்காரர்கள் பலர் பிரிந்து எதிரணியோடு கைகோத்தார்கள். 1985 ஜனவரி 15 அன்று எதிரணி வேட்பாளர் தான்க்ரேதோ நெவிஸ் 480 வாக்குகளும் மலூஃப் 180 வாக்குகளும் பெற்றனர். பதவியேற்பதற்கு முந்தைய இரவு நோயில் விழுந்த தான்க்ரேதோ ஏப்ரலில் காலமானார். மலூஃபை வெறுத்துக் கட்சி மாறி, தான்க்ரேதோவோடு துணை அதிபராகத் தேர்வாகியிருந்த ஜோசே சார்னே அதிபரானார். இராணுவ ஆட்சி முடிவுக்கு வந்த வேகத்துக்கு மலூஃப் மீதான வெறுப்பும் ஒரு காரணம் என்றால் அது மிகையாகாது. அவர் விரும்பிச் செய்த சேவை அல்ல அது.

பிறகு வந்த தோல்விகளை வரிசைப்படுத்தினால் அலுப்புத் தட்டும். ஆனாலும் ஒரு கணக்கு சொல்லத் தகுந்தது. 1986இல் ஆளுநர் தேர்தல், 1988இல் மேயர் தேர்தல், 1989இல் அதிபர் தேர்தல், 1990இல் மீண்டும் ஆளுநர் தேர்தல் என அடுத்தடுத்துத் தோற்றார். 1992இல் மேயர் தேர்தலில் எதுவார்டோ சுப்லிசியை வென்றார். அதன் பிறகு 1998, 2000, 2002, 2004, 2008 என்று நின்ற ஒவ்வொரு மேயர், ஆளுநர் தேர்தலிலும் தோல்விதான். சாவோ பாவுலோவை அரை நூற்றாண்டு ஆட்டிப் படைத்தவராக நினைவுகூரப்படும் மனிதர், மக்கள் நேரடியாக வாக்களித்த நிர்வாகப் பதவித் தேர்தல்களில் வென்றது ஒரே ஒரு முறை. ஆனால் தோற்ற தேர்தல்களிலும் நகரத்தில் ஒரு பகுதியினர் அவரை விட்டு நகரவே இல்லை. மையத்திலிருந்து விலகிய வடக்கு, கிழக்குப் பேட்டைகளின் சிறு வணிகர்கள், வாகன ஓட்டிகள், ஓய்வுபெற்றோர் ஆகியோருக்குச் சாலையும் காவல்துறையும் கண்ணெதிரே தெரியும் அரசு. ரோட்டா என்னும் கடுங்காவல் படையை வீதியில் இறக்குவேன் என்ற அவருடைய முழக்கம் அவர்களுக்குப் புரிந்தது. அதே கடுமைப் பேச்சின் வரிசையில்தான், 1989இல் பாலியல் வன்கொடுமை செய்பவன் கொலையாவது செய்யாமல் இருக்கட்டும் என்ற பொருள்பட அவர் பேசியதும் வருகிறது. நாடு அதை மறக்கவில்லை. அவருடைய வாக்காளர்களில் கணிசமானோர் மன்னித்துவிட்டார்கள்.

'திருடுவார், ஆனால் செய்வார்' என்பது சாவோ பாவுலோவில் மலூஃபுக்கு முன்பே வழங்கிய சொலவடை. 1950களின் அரசியல்வாதி அதெமார் தெ பாரோஸுக்காகப் பிறந்து, மலூஃபின் மீது சட்டைபோல் பொருந்திவிட்டது. இந்தச் சொலவடையைக் கேட்டு வாக்காளர்களை ஏளனம் செய்யும் கட்டுரைகளைப் பல முறை படித்திருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. எல்லோரும் திருடுகிறார்கள் என்று நம்ப வாழ்க்கை கற்றுக்கொடுத்திருக்கும் இடத்தில், திருடிய பின்னும் எதையாவது விட்டுச்செல்பவரைத் தேர்ந்தெடுப்பது முட்டாள்தனம் அல்ல. அது ஒரு கசப்பான கணக்கு. கணக்கின் பிழை வேறிடத்தில் இருக்கிறது. திருட்டும் வேலையும் இரண்டு தனித்தனிச் செயல்கள், ஒன்றை மற்றொன்றால் ஈடுகட்டலாம் என்று அந்தச் சொலவடை வைத்துக்கொள்கிறது. மலூஃபின் 1993–96 ஆட்சியைப் பார்த்தால், வேலையே திருட்டின் வழியாக இருந்தது என்பதுதான் நீதிமன்றங்கள் கண்ட உண்மை.

அந்த நான்கு ஆண்டுகளில் நகரம் ஓயாமல் தோண்டப்பட்டது. முந்தைய மேயர் எருந்தினா நிறுத்தி வைத்திருந்த சுரங்கப்பாதைப் பணிகள் மீண்டும் தொடங்கின. அவற்றுள் ஒன்று 1994இல் பந்தயத்தில் உயிரிழந்த கார்ப் பந்தய வீரர் அயர்டன் சென்னாவின் பெயரைப் பெற்றது. ஃபாவேலா குடிசைகளுக்குப் பதிலாக அடுக்குமாடி வீடுகள் கட்டும் திட்டத்துக்குச் சிங்கப்பூர் என்று பெயர். பெரிய சாலைகளில் போவோர் கண்ணில் படும் வரிசையில் வீடுகள் எழ, பின்னால் குடிசைகள் அப்படியே இருந்தன என்று விமர்சகர்கள் சொன்னார்கள். நியாயத்துக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும்: காரில் இருக்கைப் பட்டையை நாடு முழுவதும் கட்டாயமாக்குவதற்கு முன்பே சாவோ பாவுலோவில் கட்டாயமாக்கியது அவருடைய நிர்வாகம்தான்.

இவை எல்லாவற்றிலும் கவனத்துக்குரியது ஆகுவா எஸ்ப்ராயாடா என்ற அகலச் சாலை. நகரின் தென்பகுதியில் அதே பெயருள்ள ஓடையை ஒட்டிப் பல ஆண்டுகளாகக் குடிசைகள் நெருங்கியிருந்தன. அவற்றில் வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அப்புறப்படுத்தப்பட்டன. பின்னாளில் உயர்ந்த அலுவலகக் கோபுரங்கள் நிற்கும் வட்டாரத்துக்குச் சாலை திறந்துவிட்டது. பணியைச் செய்தது மென்டெஸ் ஜூனியர் என்ற கட்டுமான நிறுவனம். நீதிமன்றங்களில் பின்னர் வெளிப்பட்ட முறை எளிமையானது. துணை ஒப்பந்ததாரர்கள் செய்யாத வேலைக்கும், செய்ததைவிட மிகுதியான வேலைக்கும் பில் போட்டார்கள். நகராட்சி கொடுத்த பணத்தின் மிச்சம் காசோலைகளாகவும் ரொக்கமாகவும் திரும்பி வந்தது. கள்ளச்சந்தை டாலர் வணிகர்கள் அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோனார்கள். நியூயார்க்கில் சஃப்ரா வங்கியில் சனானி என்ற பெயரில் ஒரு கணக்கு. அங்கிருந்து ஆங்கிலக் கால்வாயில் உள்ள ஜெர்சி தீவில், துராந்த், கில்டேர் என்ற இரண்டு நிறுவனங்களின் கணக்குகள். ஜெர்சிக்குப் போன பணம் 1.05 கோடி டாலர். போன காலம் 1998 ஜனவரி. மலூஃப் மேயர் பதவியை விட்டு இறங்கி அப்போது ஓராண்டு ஆகியிருந்தது.

பதவியிலிருந்து இறங்கினாலும் நகராட்சியை அவர் விட்டுவிடவில்லை. மேயர் தொடர்ந்து இரண்டாம் முறை நிற்க அன்றைய சட்டம் இடம் தராததால், தன் நிதிச் செயலரும் யூகாடெக்ஸ் நிறுவனத்தில் முன்பு பணியாற்றியவருமான செல்சோ பிட்டாவை 1996இல் நிறுத்தினார். பிட்டா நல்ல மேயராக இல்லாவிட்டால் இனி எனக்கு ஒருபோதும் வாக்களிக்காதீர்கள் என்று தொலைக்காட்சியில் மலூஃபே உறுதி கொடுத்தார். பிட்டா வென்று, சாவோ பாவுலோவில் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பின மேயரானார். ஆனால் நீதிமன்றக் கடன்களைத் தீர்க்கவென்று வெளியிட்ட நகராட்சிப் பத்திரங்களின் மோசடி, மனைவியே முன்வைத்த குற்றச்சாட்டுகள் எனப் பதவிக்காலம் முழுதும் சீரழிந்தார். வாக்காளர்கள் மலூஃபின் உறுதிமொழியை, நிர்வாகப் பதவிகளைப் பொறுத்தவரை, எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றினார்கள்.

வெளிநாட்டில் எனக்குக் கணக்கே இல்லை என்பது மலூஃப் வாழ்நாள் முழுவதும் மாற்றாத பதில். 2000களின் தொடக்கத்தில் வெளிநாட்டிலிருந்து ஆவணங்கள் வரத் தொடங்கியபோதும் அதையே சொன்னார். 2005 செப்டம்பரில் ஒரு டாலர் வணிகரின் வாக்குமூலத்தைத் தடுக்க முயன்றார்கள் என்ற குற்றச்சாட்டில் அவரும் மகன் ஃப்ளாவியோவும் கைதாகி, உச்ச நீதிமன்றம் விடுவிக்கும்வரை 40 நாள்கள் காவலில் இருந்தார்கள். மறு ஆண்டு நடந்த தேர்தலில் அவர் நாடாளுமன்றத்துக்கு நின்றார். 7,39,827 பேர் வாக்களித்தார்கள். அந்த ஆண்டு நாட்டிலேயே மிகுதியான வாக்குப் பெற்ற நாடாளுமன்ற வேட்பாளர் அவர்தான்.

இந்த வெற்றியைப் புகழின் சான்றாக மட்டும் பார்ப்பவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். பிரேசில் அரசமைப்பின்படி நாடாளுமன்ற உறுப்பினர் மீதான குற்ற வழக்கை உச்ச நீதிமன்றம் மட்டுமே விசாரிக்க முடியும் என்பதே அன்றைய நிலை. உறுப்பினரானவுடன் கீழ் நீதிமன்றங்களில் இருக்கும் வழக்குகள் அப்படியே மேலே போகும். அரசமைப்புக் கேள்விகளாலும் மேல்முறையீடுகளாலும் ஏற்கனவே திணறும் பதினொரு நீதிபதிகளின் மேசையில் போய் அடுக்கப்படும். அதோடு குற்ற வழக்குகளுக்குக் காலவரம்பு உண்டு. தீர்ப்பின்போது எழுபது வயதைத் தாண்டியவருக்கு அந்தக் காலவரம்பு பாதியாகக் குறைகிறது. மலூஃப் எழுபதைக் கடந்தது 2001இல். வழக்கு தாமதமாகும் ஒவ்வோர் ஆண்டும் அவருக்கு இரண்டு ஆண்டுகளின் பயனைத் தந்தது. வாக்காளர் கொடுத்த இடம், நீதிமன்றக் கடிகாரம் மெதுவாக ஓடும் அறை ஒன்றின் சாவியாகவும் இருந்தது. பணச் சலவைக் குற்றச்சாட்டை உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றது 2011 செப்டம்பரில்; அப்போது அவருக்கு எண்பது வயது.

அந்தக் கடிகாரத்துக்குக் கட்டுப்படாத நீதிமன்றங்கள் வெளியே இருந்தன. 2007 மார்ச்சில் நியூயார்க்கின் மன்ஹாட்டன் மாவட்ட அரசு வழக்கறிஞர் ராபர்ட் மார்கென்தாவ், 1.16 கோடி டாலர் தொடர்பாக மலூஃப் மீது குற்றம் சாட்டினார். தன் குடிமக்களைப் பிரேசில் பிற நாடுகளிடம் ஒப்படைப்பதில்லை என்பதால் வீட்டில் இருக்கும்வரை அவருக்கு ஆபத்து இல்லை. ஆனால் இன்டர்போலின் சிவப்பு அறிவிப்பில் அவர் படம் வந்த பிறகு நாட்டைத் தாண்டினால் கைதாகலாம் என்ற நிலை உண்டாயிற்று. சட்டம் இயற்றும் அவையில் அமர்ந்திருந்த ஒருவருக்கு, அந்த நாட்டின் எல்லையே காவலாகவும் வேலியாகவும் ஆனது.

ஜெர்சியில் நடந்தது இன்னும் சுவையானது. அங்கே பிரேசில் அரசும் சாவோ பாவுலோ நகராட்சியும் குற்ற வழக்குப் போடவில்லை. எங்கள் பணத்தைத் திருப்பிக் கொடு என்று உரிமையியல் வழக்குத் தொடுத்தன. 2012 நவம்பரில் ஜெர்சி அரச நீதிமன்றம், அந்த இரண்டு நிறுவனங்களும் மலூஃபின், அவர் மகனின் கட்டுப்பாட்டில் இருந்தன என்றும், அந்த 1.05 கோடி டாலர் ஆகுவா எஸ்ப்ராயாடா சாலைப் பணியிலிருந்து வந்த கையூட்டு என்றும் தீர்ப்பளித்தது. நிறுவனங்கள் மேல்முறையீடு செய்து, கடைசியில், ஜெர்சி வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமான இலண்டனில் உள்ள பிரிவி கவுன்சில்வரை போயின. அங்கே அவர்கள் வைத்த வாதத்தை நான் ஒருவித இரசனையோடுதான் படித்தேன். சனானி கணக்கிலிருந்து ஜெர்சிக்குக் கடைசியாகப் பணம் போன பிறகுதான், கையூட்டின் கடைசி மூன்று தவணைகள் சனானிக்குள் வந்தன. பின்னால் வந்த பணம் முன்னால் போன பணமாக இருக்க முடியாது. எனவே திருப்பித் தர வேண்டியது 77 இலட்சம் டாலர் மட்டுமே. எடுத்தது யார், ஏன் என்ற கேள்வியையெல்லாம் விட்டுவிட்டு வரிசையைப் பற்றி மட்டும் வாதாடினார்கள். 2015 ஆகஸ்டில் பிரிவி கவுன்சில் அதை ஏற்கவில்லை. வரவும் செலவும் ஒரே ஏற்பாட்டின் பகுதிகளாக இருக்கும்போது, கணக்கில் எது முன்னால் பதிவாயிற்று என்பது முடிவைத் தீர்மானிக்காது என்றது. வரப்போகும் கையூட்டை நம்பி முன்கூட்டியே அனுப்பிய பணமும் கையூட்டின் தடமே. இப்படித்தான் சாவோ பாவுலோவின் ஓர் ஓடைக்கரைச் சாலை, ஆங்கிலப் பொதுச்சட்டம் படிக்கும் மாணவர்கள் தேர்வுக்குப் படிக்க வேண்டிய வழக்காக மாறியது. தீர்ப்பு வரும் முன்பே, 2014இல், ஜெர்சியில் பணத்தைக் கையாண்ட வகையில் ஜெர்மனியின் டாய்ச்ச வங்கி வழக்கைத் தவிர்க்க 2 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டிருந்தது.

இத்தனைக்கும் நடுவில் பிரேசிலின் பெரிய கட்சிகள் அவரை ஒதுக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2012 ஜூனில், சாவோ பாவுலோ மேயர் தேர்தலுக்குத் தன் வேட்பாளர் ஃபெர்னான்டோ ஹடாட்டை அழைத்துக்கொண்டு லூலா மலூஃபின் வீட்டுக்கே போனார். தொலைக்காட்சி விளம்பர நேரம் கட்சிகளின் பலத்தைப் பொறுத்துப் பிரிக்கப்படுவதால், மலூஃபின் கட்சி சேர்ந்தால் சில நிமிடங்கள் கூடும். தோட்டத்தில் மூவரும் சிரித்தபடி நின்ற படம் மறுநாள் எல்லாச் செய்தித்தாள்களிலும் வந்தது. ஹடாட்டோடு துணை மேயர் பதவிக்கு நிற்கவிருந்தவர், பெருஸ் புதைகுழியைத் திறந்த அதே எருந்தினா. அவர் போட்டியிலிருந்து விலகினார். ஹடாட் வென்றார். நான்கு ஆண்டுகள் கழித்து, 2016 ஏப்ரலில், லூலாவின் அரசியல் வாரிசான அதிபர் டில்மா ரூசெஃபைப் பதவிநீக்கும் தீர்மானத்துக்கு மலூஃப் ஆதரவாக வாக்களித்தார். அந்த நாள்களில் அரசு எண்ணெய் நிறுவனமான பெட்ரோபிராஸ் ஊழலில் அவர் கட்சிக்காரர்கள் பலர் சிக்கியிருந்தும், அந்தப் பட்டியலில் தன் பெயர் இல்லை என்று சொல்லிக்கொள்ள அவர் தயங்கவில்லை.

2017 மே 23 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட முதலாம் அமர்வு தீர்ப்பளித்தது. சாலைப் பணியில் கையூட்டு வாங்கினார் என்ற குற்றச்சாட்டு காலவரம்பில் கரைந்து போயிருந்தது. அவர் எதிர்பார்த்ததும் அதுதான். மீதமிருந்தது பணச் சலவை. பணம் 1998இலேயே ஜெர்சிக்குப் போய்விட்டதென்றால் சலவையும் அன்றே முடிந்துவிட்டது, அதன் காலவரம்பும் தீர்ந்துவிட்டது என்று வாதிடப்பட்டது. வழக்கின் பொறுப்பு நீதிபதி எட்சன் ஃபாஷினும் அமர்வின் பெரும்பான்மை நீதிபதிகளும் வேறு வகையில் சிந்தித்தார்கள். மறைத்து வைத்தல் என்பது ஒரு நாளில் செய்து முடிக்கும் செயல் அல்ல. பணம் மறைவில் இருக்கும்வரை குற்றம் ஒவ்வொரு நாளும் நடந்துகொண்டே இருக்கிறது. ஆகவே காலவரம்பு ஓடத் தொடங்குவது மறைப்பு முடிவுக்கு வந்த பிறகுதான். மறைக்கப்பட்ட பணத்தின் ஒரு பகுதி நிதி அமைப்புகளின் வழியே சுற்றி யூகாடெக்ஸிலேயே முதலீடாகத் திரும்பியது என்பதும் அந்த வழக்கில் எழுந்த விவரம். 7 ஆண்டு, 9 மாதம், 10 நாள் சிறை. எடுத்ததற்காக அவரைத் தண்டிக்க இயலாதபடி காலம் காப்பாற்றியது. இல்லை இல்லை என்று இருபது ஆண்டுகள் மறைத்ததற்காக அதே காலம் அவரைப் பிடித்துக் கொடுத்தது. காத்திருப்பையே ஆயுதமாகக் கொண்ட ஒருவரை வீழ்த்த இதைவிடப் பொருத்தமான சட்ட வாதத்தை ஒரு கதாசிரியனும் கற்பனை செய்திருக்க மாட்டான்.

2017 டிசம்பர் 20 அன்று கைத்தடியை ஊன்றியபடி காவல்துறையிடம் சரணடைந்து, பிரேசிலியாவின் பாப்புடா சிறைக்குப் போனார். மூன்று மாதம் கழித்து, உடல்நிலையைக் கருதி நீதிபதி டியாஸ் டோஃபோலி அவரை வீட்டுக்காவலுக்கு அனுப்பினார். முதியவரைச் சிறையில் வைத்திருப்பதில் என்ன நீதி என்று அப்போது கேட்கப்பட்டது. அந்தக் கேள்வியை நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால் அவரை எண்பத்தாறு வயதுக் கைதியாக்கியது நீதிபதிகளின் இரக்கமின்மை அல்ல. அறுபத்தாறிலேயே முடிந்திருக்க வேண்டிய விசாரணையை இருபது ஆண்டுகள் நகர்த்தியவர்களுள் முதன்மையானவர் அவரே. 2018 மே மாதத்தில், 2010 தேர்தல் செலவுக் கணக்கில் யூகாடெக்ஸ் கொடுத்த பணத்தை மறைத்ததற்காக இரண்டாவது தண்டனையும் வந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் அவர் நாடாளுமன்ற உறுப்பினராகவே இருந்தார். 2014இல் இரண்டரை இலட்சம் வாக்காளர்கள் கொடுத்த பதவியை நீதிமன்றம் பறிக்கலாமா, அவைதான் பறிக்க வேண்டுமா என்ற சச்சரவில் மாதங்கள் கழிந்தன. 2018 பிப்ரவரியில் அவர் இடைநிறுத்தப்பட்டு, அவரது இடத்தில் மாற்று உறுப்பினர் அமர்ந்தார். 2018 ஆகஸ்ட் 22 அன்று, தண்டனை தொடங்கி எட்டு மாதங்கள் கழிந்து, அடுத்த தேர்தலுக்கு ஏறத்தாழ ஆறு வாரங்களே இருந்த நிலையில், அவையின் நிர்வாகக் குழு அவருடைய உறுப்பினர் பதவி முடிந்ததாக அறிவித்தது. அந்தத் தேர்தலில் அவர் நிற்கவில்லை.